ஒரு தலைமுறை கழியட்டும்

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் பெண்ணொருத்தி நேற்று தில்லையடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தொண்ணூறில் எங்களைப்போல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி ஆய்வு எழுதுகிறாளாம். கைபேசியைப் பதிவுக்குப் போட்டுக் கதிரையில் வைத்தாள். வெளியே தூறல். பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து நனைந்த கிடுகுக் கூரையின் மணம் வந்தது.

அந்த மணத்துக்குள் இருந்துதான் நானும் வரலாறு படித்தேன். முகாம் குடிசை ஒழுகினால் புத்தகங்கள் கட்டிலுக்கு ஏறும், நாங்கள் மூலைக்குப் போவோம். என் ஆய்வு ஒல்லாந்தர் காலத்து உப்பு வணிகம். பாலாவி உப்பளத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்கு விரிவுரை நடத்துவேன். பாவம், அவர்கள் இறங்கவும் முடியாது.

"ஒல்லாந்தக்காரன் ஒனக்கு மாமனா?" என்பார் உம்மா.

வாப்பா மட்டும் சிரிக்கமாட்டார். "நாங்க வந்த கதைய எழுதன் மகன்."

"அது இன்னும் சரித்திரமாகல்ல வாப்பா. ஒரு தலைமுற கழியணுமாம். சேர் சொன்னாரு."

"அப்ப நாங்க மௌத்தாகி மண்ணுக்குப் போகுமட்டும் பாத்துக்கிட்டு இரிக்காங்களா?"

விரிவுரையாளர் கெட்டவரல்லர். துறையின் வழக்கம் அது, நானும் நம்பினேன். பிறகு பத்திரிகையில் சேர்ந்தேன். அங்கே நேற்று நடந்ததுதான் செய்தி. வரலாற்றுக்கு எங்கள் ஊர் மிகப் புதியது, செய்திக்கு மிகப் பழையது. அதற்கிடையில் வாப்பா போய்விட்டார்.

மன்னாரில் எங்கள் ஊர் கடற்கரையோரம். படகேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கியபோது நான் கைப்பிள்ளை. என்னைக் கேட்டுப் பயனில்லை. பெண்ணை உம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"ஊருல ஒங்கட வீடு எங்க உம்மா இருந்திச்சு?"

உம்மா தயங்கவேயில்லை. "மெயின் ரோட்டால வந்தா ரைஸ் மில். அதுக்கங்கால பள்ளிவாசல். பள்ளிக்குப் பின்னால பைப்படி. அங்கதான்."

அவள் வேகமாக எழுதினாள். "வீட்டுலேந்து கடல் தெரியுமா?"

"கடல் எங்கால மகள்? ஓட்டோ புடிச்சில்லா போகணும்."

"தங்கச்சி," என்றேன். "உம்மா சொல்றது இந்த வீடு. பழைய ஊர் அவங்களுக்கு இப்ப ஞாபகத்துல இல்ல."

அவள் கைபேசியை நிறுத்தினாள். உம்மா அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

"வேற மூத்த ஆக்கள் ஆராச்சும் இரிக்காங்களா, நானா?" என்று என்னை அண்ணனாக்கிக் கேட்டாள்.

ஒழுங்கை நெடுக மனத்தில் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் வயதுக்காரர்கள். எந்தத் துறையில் படகேறினோம், எங்களுக்கு அடுத்த வீடு யாருடையது, கதவைப் பூட்டினோமா, சாத்திவிட்டு மட்டும் வந்தோமா என்று சொல்ல இங்கே இப்போது ஒருவருமில்லை.