பத்தொன்பது பேரும் ஒரு கிராணியும்

மலேசியாவுல எங்க பாலோ ஊருல சத்தியபாமா வீடு எதுன்னு கேட்டா முழிப்பாங்க. மிஸ்ஸி வீடுன்னு கேளுங்க, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவாங்க. குளுவாங் ஆஸ்பத்திரியில முப்பத்தஞ்சு வருஷம் தாதியா, எங்க பேச்சுல மிஸ்ஸியா, இருந்தவங்க. ஊசியானாலும் சரி, பேச்சானாலும் சரி, வலிக்குதான்னு கேட்டுக்கிட்டு நிக்கிற ஆளு இல்ல. ரெண்டையும் நான் நல்லா வாங்கியிருக்கேன்.

போன வருஷம் ரப்பர் தோட்டத்துக் கோயில் மண்டபத்துல நினைவுக்கல் வைக்கக் கமிட்டி முடிவு பண்ணுச்சு. வெள்ளைக்காரன இந்தியாவ விட்டு விரட்டணும்னு தலைவருங்க ஜப்பான்காரன் கையப் பிடிச்ச காலத்துல, எங்க தோட்டத்துலேருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆறு பேரு போனாங்க. சேத்துவிட்டவரு தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதின கிராணி சோமசேகரம், மிஸ்ஸியோட தாத்தா. கல்லுல மொதப் பேரா அவரோடதத்தான் போடறதா இருந்துச்சு. செயலாளர்ங்கற முறையில பட்டியல எழுதினது நான்.

கூட்டத்துக்கு வந்த மிஸ்ஸி இன்னொரு தாளை நீட்டினாங்க. அதுல பத்தொம்பது பேரு. சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோய்த் திரும்பாமப் போனவங்க. காஹாங், ஜொகூர் பாருன்னு குடும்பங்க சிதறின எடத்துக்கெல்லாம் ரெண்டு வருஷம் கார் ஓட்டிப்போய், கேட்டுக் கேட்டு வாங்கின பேருங்க.

"இவங்களையும் கல்லுல வெட்டணும்."

தலைவர் ஹேமநாதனுக்கு முகமே மாறிடுச்சு. "மிஸ்ஸி, இது வீரர்களுக்கு வைக்கிற கல்லு லா. நமக்குத் தோள் கொடுத்தவனே நம்ம ஆளைக் கொன்னான்னு நாமளே எழுதி வைக்கணுமா?"

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, மறைக்க மாட்டேன். நல்ல காரியத்துல இந்தம்மா ஏன் குறுக்க வர்றாங்கன்னு எரிச்சலா வந்துச்சு.

மிஸ்ஸி அசரல. "கொண்டுபோனது ஜப்பான்காரன். ஆனா காலைப் பெரட்டுல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டது எங்க தாத்தா. 'அவங்க நம்ம கூட்டாளிங்க, மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்க'ன்னு சொன்னாரு. மனசார நம்பித்தான் சொன்னாரு. நம்பினது அவரு, செத்தது இவங்க."

அன்னிக்கி ஒண்ணும் முடிவாகாமக் கலைஞ்சோம்.

அப்புறம் மூணு கூட்டம் இழுத்துச்சு. மூணுக்கும் மிஸ்ஸி அதே தாளோட வந்து முன் வரிசையில உக்காந்தாங்க. கடைசியில தலைவர் எறங்கி வந்தாரு. "சரி, பத்தொம்பது பேரையும் போட்டுடலாம். தாத்தா பேரு மேலயே இருக்கட்டும். அந்தப் பெரட்டு விஷயத்த மட்டும் விட்டுடுங்க."

"மேல வேணாம். கடைசியில போடுங்க. என்ன போடணும்னு நான் சொல்றேன், எழுதிக்கங்க காளிதாஸ்."

சொன்னாங்க. எனக்குப் பேனா ஓடல. "சொந்தத் தாத்தாவ இப்படி எழுத வைக்கிறீங்களே மிஸ்ஸி, மனசு வருதா?"

"வரல," அப்படின்னாங்க. "சாகற வரைக்கும் எங்கம்மாகிட்ட இதையே சொல்லிச் சொல்லி அழுதாரு. ஊருக்கு முன்னால சொல்ல அவருக்குத் தைரியம் இல்ல. எழுதுங்க."

கல்லு வந்துச்சு. தெறப்பு விழாவுல பேருங்களப் படிச்சது மிஸ்ஸிதான். ராணுவத்துக்குப் போன ஆறு பேரு, சயாமுக்குப் போன பத்தொம்பது பேரு, அதுக்குக் கீழ அந்தக் கடைசி வரி: "இவர்களைப் பெயர் சொல்லி அனுப்பியவர், கிராணி சோமசேகரம்."

அந்தப் பேருகிட்ட வந்தப்போ நிறுத்திட்டுத் தண்ணி கேட்டாங்க. கொடுத்தோம். குடிச்சுட்டு, அந்த வரிய மொதல்லேருந்து இன்னும் சத்தமாப் படிச்சாங்க.