தங்கச்சி என்று எழுதிக்கொள்கிறார்கள்

திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனை. கண் ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் கஸ்தூரியக்கா, செங்கம் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருப்பவர். ஒரே நாள் தங்குவதாக வந்த எனக்கு அவரை ஐந்து நாளாகத் தெரியும். காலையில் சாப்பிடப் போனால் பத்து மணிவரை அங்கேயே பேசிக்கொண்டிருப்பேன். இன்னும் மலை சுற்றவில்லை.

இன்று அவருக்குத்தான் ஆபரேஷன். ஓசூரில் வேலை செய்யும் அவர் மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். துணைக்கு ஆள் வேண்டுமே என்று நேற்று கடையில் புலம்பினார். என்னைக் கேட்கவில்லை. இன்று ஊரைவிட்டுக் கிளம்ப இருந்த நான், நானாகத்தான் ‘வருகிறேன்’ என்றேன்.

“பதினோரு மணி பஸ்ஸ வுட்டுட்டு வந்துட்டீங்களே” என்கிறார் மறுபடியும்.

“அடுத்த பஸ் இருக்குக்கா. பயமா இருக்கா?”

“கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்குதுங்க.”

நர்ஸ் படிவத்தோடு வருகிறார். “கூட வந்தது நீங்களா? இவங்களுக்கு நீங்க என்ன வேணும்?”

நான் அக்காவைப் பார்க்கிறேன்.

“என் தங்கச்சி. எழுதிக்கோம்மா” என்கிறார் அக்கா.

அவர் உள்ளே போனதும் காத்திருக்கிறேன். ஓடி ஓடிப் பார்த்த எத்தனையோ ஊர்களில் நான் யாருக்காகவும் இப்படிக் காத்திருந்ததில்லை.

ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வருகிறார். நல்லபடியாக முடிந்துவிட்டது. கையைப் பிடித்துப் படியிறக்குகிறேன். ஐந்து நாளாக ‘வாங்க, போங்க’ என்று பேசியவர், ஆட்டோவில் ஏறி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டுகிறார்.

“ஏறுடி. நம்ம வூட்டுக்குப் போயி சாப்டலாம்.”