எல்லைக் கம்பத்துக்கு முன்னால் ஒரு வரி

குமே பிறந்தபோது தகிநோ சீமை தரூமி குடும்பத்தின் கையில் இருந்தது. அதற்கு முன்னால் ஒகிஷிமா குடும்பம் மூன்று தலைமுறை ஆண்டது. வாரிசு இல்லாமல் போனதும் எதோ நகரத்திலிருந்து, நாட்டையே ஆண்ட ஷோகுனின் ஆணை வந்து கோட்டை கைமாறியது. குமேவுக்கு நாற்பத்தோரு வயதில் மறுபடியும் ஓர் ஆணை வந்தது. தரூமி வடக்கே போக வேண்டும், குசாகா குடும்பம் இங்கே வர வேண்டும். ஆளுகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வயலில் குனிந்து நிற்கிறவர்கள் அங்கேயே நிற்பார்கள். அதில் பெருமை ஒன்றும் இல்லை. அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

அவள் ஊர் கீழ் நகாசே. ஆற்றில் அணை மேல் நகாசேயில் இருந்தது. அணையோரப் பாறையில் ஒகிஷிமா காலத்தில் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மேல் ஊர்க்காரர்கள் தங்கள் மடையில் பலகையைப் போட்டு அடைக்க வேண்டும். மிச்சத் தண்ணீர் கீழே வரும். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வறட்சியில் அவர்கள் அடைக்க மறுத்தார்கள். அந்தக் கைகலப்பில் குமேவின் புருஷன் ஜின்சுகேவுக்குக் கால் ஒடிந்தது. அப்போது தரூமியின் வட்டார அதிகாரியாகப் புதிதாக வந்திருந்த ஹோசாகி குன்பெய் குதிரையில் வந்து இறங்கி, கோட்டில் விரலை வைத்து, "இதுதான் சட்டம்" என்றார். யாரும் எழுதி வைக்கவில்லை. சொன்னதே போதுமானதாக இருந்தது.

புதிய பிரபுவுக்காக ஒவ்வோர் ஊரும் தன்னைப் பற்றி ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. வீடு எத்தனை, குதிரை எத்தனை, பாலம் எது, கோயில் எது. கீழ் நகாசேயின் ஊர்த்தலைவர் கிச்சிபெய் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுதினார். பாறையில் வெட்டிய கோடு பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. மேல் ஊர்க்காரர்கள் கேட்காமலேயே எழுதினார்கள்: அணையும் மடையும் எங்களுடையவை.

விஷயம் தெரிந்தபோது அறிக்கைகள் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கிச்சிபெய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊருக்கே தெரிஞ்ச விஷயம்னு நினைச்சேன்மா."

"ஊருக்குத் தெரியும். வர்றவங்களுக்குத் தெரியாதே" என்றாள் குமே. "ஹோசாகி ஐயாவுக்குத் தெரியும். அவரு எல்லையைத் தாண்டுற வரைக்கும் இந்தச் சீமை அதிகாரிதானே?"

"நாளைக்குக் காலையில கிளம்புறாரு."

"அவரு சாமான் தூக்க நம்ம ஊரு சுமையாள் ஒருத்தர் தரணும்ல? எங்க வீட்டு முறை. எங்க வீட்டுக்காரரால நடக்க முடியாது, நான் போறேன்."

காலையில் கோட்டை வாசலில் கொன்சோ அவளைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன், முன்னமே கிளம்பிப் போன தரூமி ஆட்களோடும் எல்லைவரை சுமந்து போனவன்.

"என்ன அக்கா, கீழ் நகாசேயில ஆம்பளைங்களுக்குப் பஞ்சமா?"

"இருக்காங்க. எல்லாருக்கும் முதுகு வலியாம், உன்னை மாதிரி."

அரக்குப் பூசிய பெட்டி ஒன்றை அவள் முதுகில் ஏற்றினார்கள். எல்லை இரண்டு நாள் நடை. முதல் நாள் மதியம், பார்லிச் சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் தின்ன எல்லோரும் உட்கார்ந்தபோது, அவள் ஹோசாகியின் முன்னால் போய்த் தரையில் நெற்றி பட வணங்கி, விஷயத்தைச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தார். "கோடு நினைவிருக்கு. ஆனா முத்திரையை நேத்தே ஒப்படைச்சுட்டேன். முத்திரை இல்லாம நான் எழுதுற தாளைப் புதுசா வர்றவர் கையில வாங்கவே மாட்டார்."

"அன்னைக்கே எழுதியிருந்தீங்கன்னா?"

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். ஹோசாகி அவளை வெறித்துப் பார்த்தார்.

"எழுதியிருக்கணும்" என்றார். "போய் சாப்பிடு."

அவர் நல்லவரா என்று குமே யோசிக்கவில்லை. நல்லவராக இருந்து என்ன, எழுதாத நல்லவர்.

இரண்டாம் நாள் ஏற்றத்தில் கொன்சோ பெருமூச்சு விட்டான். "இன்னும் ஒரு மேடுதான். அங்க நம்ம பேரை ஒவ்வொண்ணா கூப்பிடுவாங்க, மாட்டைத் திருப்பிக் குடுக்கிற மாதிரி. சுமந்தவங்க இந்த மண்ணு ஆளுங்க, கூட்டிட்டுப் போகக் கூடாதாம். போற அதிகாரி எழுதின பட்டியலை வர்ற அதிகாரி சத்தமா வாசிச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. போன தடவை என்னை 'ரெட்டைத்தலைப் பைன் மர ஊரு கொன்சோ'ன்னு எழுதியிருந்தாங்க."

"ஏன், பைன் மரம் எதுக்கு?"

"கொன்சோன்னு மூணு பேரு இருந்தோம். ஊருக்கு ஒரு அடையாளம் வேணுமாம்."

குமே நின்றாள். பிறகு பெட்டியோடு ஓடினாள். தோள்பட்டையில் கயிறு அறுத்தது. ஹோசாகியின் குதிரையை எட்டிப் பிடித்தபோது எல்லைக் கம்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஐயா, பட்டியல்ல என்னை எப்படி எழுதுவீங்க?"

"கீழ் நகாசே குமே. ஏன்?"

"எங்க ஊருக்கு அடையாளம் எழுதலையா? அதுக்கு முத்திரை வேணாமே."

அவர் கடிவாளத்தை இழுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கி, வழியோரக் கல் ஒன்றில் உட்கார்ந்து, மைப்பெட்டியைத் திறந்தார்.

"எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க ஐயா" என்றாள். வாசித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதையும் செய்தார்.

எல்லையில் குசாகாவின் அதிகாரி முகாய் தான்சோ காத்திருந்தார். இளைஞர், புது உடுப்பின் மடிப்புக்கூடக் கலையவில்லை. பெயர்களைக் கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"'கீழ் நகாசே. தண்ணீர் பாறைக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் எந்த ஊருக்காக மேல் ஊர் மடையடைக்க வேண்டுமோ, அந்த ஊர். குமே, பெட்டி ஒன்று.' இது என்னங்க?"

"ஊரோட அடையாளம்" என்றார் ஹோசாகி. "வேற அடையாளம் எனக்குத் தெரியாது."

முகாய் அவள் பக்கம் திரும்பினார். "நிஜமா?"

"போய்ப் பாருங்க ஐயா. கோட்டுல ஒரு விரல் முழுசா நுழையும்."

அவர் தாளை இன்னொரு முறை படித்தார். ஆட்களைத் திரும்பப் பெறாமல் அவர் கோட்டைக்குப் போக முடியாது. பெற்றுக்கொண்டால் அந்த வரியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டார். குமே பெட்டியை இறக்கி வடக்கத்திச் சுமையாளிடம் கொடுத்தாள். ஹோசாகி கம்பத்தைத் தாண்டிப் போனார். அவள் வணங்கினாள், அளவாக.

வீட்டில் ஜின்சுகே கேட்டான்: "பெட்டியில என்ன இருந்துச்சு?"

"தெரியல. கனமா இருந்துச்சு."

அடுத்த வருடம் ஆனியில் மழை பொய்த்தது. மேல் ஊர்க்காரர்கள் தங்கள் அறிக்கையைக் காட்டினார்கள். முகாய் பட்டியலை எடுத்துக்கொண்டு அணைக்கு வந்தார். பாறைக்கு முன்னால் குந்தி, கோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பலகையைப் போடச் சொன்னார்.

மேல் ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். குமே கரையிலேயே நின்றாள். பலகை அடிமண்ணில் போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே நடந்தாள்.