துரு இல்லை, தண்டவாளத் தூள்

இன்று காலை தெம்பனிஸில் என் பழைய காரை விற்றுவிட்டேன்.

வாங்க வந்தவர் பழைய கார் வியாபாரி. வெள்ளைக் கதவைத் தடவிப் பார்த்தார். சொரசொரவென்று இருந்தது, நடுநடுவே ஆரஞ்சுப் புள்ளிகள்.

"அண்ணே, துரு ஆரம்பிச்சிருச்சு லா. முழுசா பெயிண்ட் அடிக்கணும். ரெண்டாயிரம் வெள்ளி குறைச்சுக்கலாம்."

தேக்காவில் இருபது வருடமாகப் பாத்திரக்கடை நடத்துகிறேன். குறை சொல்லாமல் விலை குறைக்க முடியாது. நானும் சொல்லித்தான் வாங்கியிருக்கிறேன்.

"துரு இல்ல தம்பி. எம்ஆர்டி ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே நிறுத்துறேன். அங்கேர்ந்து பறக்குற இரும்புத் தூள் ஒட்டியிருக்கு."

"விக்கிறவங்க எல்லாரும் இப்படித்தாண்ணே சொல்றாங்க."

காரின் பின்பெட்டியிலிருந்து கிளே பாரை எடுத்தேன். பெயிண்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி. வாங்கி ஒரு மாதமாகிறது, சோம்பலில் பிரிக்கவே இல்லை. ஒரு துண்டைத் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து, அந்தக் கதவில் மட்டும் அழுத்தாமல் தேய்த்தேன். ஈரம் காய்ந்தால் கீறல் விழும். அப்புறம் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும், அவர் கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் களிமண் பழுப்பாகிவிட்டது. கதவில் ஒரு புள்ளிகூட இல்லை.

"இப்ப தடவுங்க."

தடவினார். சிரித்துவிட்டார். "சரிண்ணே, மத்த மூணு கதவு?"

"அதுலயும் இதே தூள்தான். உங்க கையும் நல்லாத்தானே இருக்கு?"

முதலில் பேசிய இருபத்தெட்டாயிரம் வெள்ளியை ஒரு காசு குறைக்காமல் கொடுத்தார். மிச்சக் காரை அவரே தேய்த்துக்கொள்வார், களிமண் என் செலவு.