படிவத்தில் 'இல்லை' என்று எழுதிய கை

முதலில் நடுங்கியது வலது கைதான். ஒரு காலையில், நாகர்கோவில் வீட்டில், சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல் நின்றேன். என் மனைவி ஜெயசீலி வந்து எல்லாப் பொத்தான்களையும் போட்டுவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள், அவள் ஆசிரியை.

நான் அப்போது திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பறப்பதற்கு முந்தின நாள் குடிக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதனாலேயே எனக்கு நோய் இல்லை என்று நம்பினேன். குடித்தால் கை நிலைத்தது, குடிக்காத நாளில் நடுங்கியது. இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவே இல்லை. விதியைச் சரியாகக் கடைப்பிடித்த நாட்களில்தான் என் கை மிக மோசமாக இருந்தது. 'வேலை நாளில் நான் தொடுவதில்லை' என்று தனக்குள் சொல்லிக்கொள்பவர் யாராவது இதைப் படித்தால், அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு விடுமுறையில் அருமனைக்கு, நண்பரின் ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் முழுக்கக் குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் காரை எடுத்தேன். ஒரு வளைவில் எதிரே மாட்டுவண்டி வந்தது. அதைப் பார்த்ததற்கும் என் கால் பிரேக்கை மிதித்ததற்கும் நடுவே நிறைய நேரம் போய்விட்டது. வண்டி ஓட்டிவந்த தங்கையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நீதிமன்றத்தில் குடித்து ஓட்டியதை ஒப்புக்கொண்டேன். அபராதத்தோடு விட்டார்கள்.

ஜெயசீலி என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தங்கையன் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"சாரு பிளேன் ஓட்டுற ஆளாமே?" என்றார். கோபம் இல்லாத குரல்.

"ஆமா."

"அதுல ஏறும்போ குடிக்க மாட்டிய, இல்லியா?"

"மாட்டேன்."

"அப்போ கீழ போறவங்கதான் கணக்குல இல்ல."



அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கொருமுறை நடக்கும் மருத்துவச் சோதனை வந்தது. அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: குடித்தோ போதைப்பொருள் உட்கொண்டோ வாகனம் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? முந்தின வருடங்களில் அதைப் படிக்காமலே கடந்திருக்கிறேன். இம்முறை இரண்டு தடவை படித்தேன். கார் வேறு, விமானம் வேறு என்று சொல்லிக்கொண்டு 'இல்லை' என்று எழுதினேன். அன்று கை நடுங்கவில்லை. காலையிலேயே கொஞ்சம் குடித்திருந்தேன்.

அதன்பின் இரண்டு மாதம் பறந்தேன். ஒருநாள் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது, என் கை நடுங்கி விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்திலிருந்த துணை விமானி தன் கையை நீட்டிச் சரிசெய்தார். இறங்கி நின்ற பிறகும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பயணிகள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தபின் ஜெயசீலியிடம், வரும் லீவில் அவளைச் சென்னைக்கு என் விமானத்தில் அழைத்துப் போவதாகச் சொன்னேன். ஏதாவது நல்லதாகப் பேச வேண்டும்போல் இருந்தது.

"நான் ஏற மாட்டேன்," என்றாள்.

"ஏன்?"

"உங்க கைய தெனமும் பாக்கேன்."

பிறகு, "கேசைப் பத்திக் கேக்குற அந்தப் படிவத்துல என்ன எழுதினிய?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"அப்போ தெரியாத ஆளுக ஏறுவாங்க," என்றாள். அவள் அழவில்லை. விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாள்.

மறுநாள் கம்பெனிக்கும், உரிமம் தரும் அரசுத் துறைக்கும் கடிதம் எழுதினேன். வழக்கு, தண்டனை, படிவத்தில் சொன்ன பொய், கை நடுக்கம், எல்லாவற்றையும். நான்கு வரிக் கடிதத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஒரு வாரத்தில் என் உரிமத்தை நிறுத்திவைத்துப் பதில் வந்தது.

குடியை விட வேண்டும் என்று போனபோது, எங்கள் குடும்ப டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். "வீட்டுல இருந்து நிறுத்த வேண்டாம். இங்க வந்து படுங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள் ரொம்பக் கஷ்டமா இருக்கும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. மூன்றாம் நாள் டெலீரியம் (குடி நின்றதும் மூளை தடுமாறி, இல்லாததைக் காணும் நிலை) வந்தது. பட்டப்பகலில் சுவர் முழுக்க எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். கட்டிலை விமானம் என்று நினைத்து, ஜெயசீலியிடம் பெல்ட்டைப் போடச் சொல்லிக் கத்தினேனாம். பாரால்டிஹைடு (உறங்கவைக்கும், கடும் வாடையுள்ள மருந்து) கொடுத்தார்கள். கை, காலைத் துணியால் கட்டியும் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் எனக்கு நினைவிருப்பது அவள் குரல் மட்டும்தான். "ஆமா, போட்டுட்டேன். நீங்க படுங்க," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வருடத்துக்குமேல் கழித்து மருத்துவக் குழு என்னைச் சோதித்தது. ஈரல் தேறியிருந்தது. கை நிலைத்துவிட்டது. ஆனால் நரம்பு அழற்சியால் (நரம்பு கெட்டுத் தொடு உணர்ச்சி குறைவது) பாதங்கள் மரத்துப்போயிருந்தன. விமானத்தைத் தரையில் நேராக ஓட்டுவது கால்மிதிகளால்தான்; மிதிப்பதைப் பாதம் உணர வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பலனா என்று நண்பர்கள் கேட்டார்கள். பலனை எதிர்பார்த்து நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி சில நாள் என்னைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

இப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். முன்பெல்லாம் வாரத்தில் எனக்கு இரண்டு வகை நாள்கள்தான்: பறக்கிற நாள், குடிக்கிற நாள். இப்போது எல்லா நாளும் ஒன்றுபோல இருக்கின்றன. நான்கு மணிக்குப்பின் மட்டும் பொழுது நகராமல் கனக்கிறது. அந்நேரம் நடக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இராஜாக்கமங்கலம் கடற்கரைக்கு.

காலடி மணல் சுடுகிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பாதத்துக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தரை எங்கே என்று தெரிகிறது. ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்து வைக்கிறேன். எதிரே யாராவது வந்தால், அவர் கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றுவிடுகிறேன்.