மூன்றாம் பக்க அட்டவணை

என் தங்கை முப்பது வருடமாகப் புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் என்ன உறவு என்று ஆராய்கிறவள். எனக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், மேஜையில் தட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற ரகம்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவள் எழுதிய கட்டுரை ஒன்று அவளைப் பெரிய ஆளாக்கியது. மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கிறது என்பது அதன் சாரம். அறுநூற்றுப் பதினொரு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. அவளுடைய ஆய்வு நிறுவன இயக்குநர், பேரன் வாங்கிய மார்க்கைச் சொல்கிற மாதிரி அந்த எண்ணைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த எண்ணை வைத்துத்தான் அடுத்த மாதம் அவளுக்குத் துறைத் தலைவர் பதவி என்று பேச்சு.

நான் நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள். அந்தப் பதவிப் பேச்சு நடந்த சமயத்தில் அதே நோய் வந்த ஒரு டீச்சரம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் முகம் பந்து மாதிரி உப்பி, சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கார்டிசால் குறையக் கூடாதென்று டாக்டர் ஒரு மாத்திரை சேர்த்ததிலிருந்துதான் அப்படி. எதற்கு என்று கேட்டேன்.

“உங்க தங்கச்சி கட்டுரையில இருக்கும்மா. நானே மேற்கோள் காட்டியிருக்கேன்” என்றார்.

நேராகத் தங்கையின் ஆய்வகத்துக்குப் போனேன். “உன் கட்டுரைக்கு ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தீங்கடி?”

“எல்லாருக்கும் காலையிலதான்க்கா. கார்டிசால் காலையில ஏறி இருக்கும், மதியம் இறங்கிடும். அது தெரியாமலா எடுப்போம்?”

“நீயா எடுத்தே?”

“வார்டு நர்ஸுங்க.”

“காலையில வார்டுல யாருக்கு உன் ஆராய்ச்சிக்கு நேரம்? படுக்கை மாத்தணும், மருந்து கொடுக்கணும், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கை ஓய மத்தியானம் ஆயிடும்.”

சலித்துக்கொண்டே கட்டுரையை எடுத்தாள். மூன்றாம் பக்க அட்டவணையில், கடைசிக் கட்டத்தில், நர்ஸுகள் எழுதிக்கொடுத்த நேரம் அப்படியே அச்சாகியிருந்தது. ஆரோக்கியமான பெண்களுக்குக் காலை ஏழரை. நோயாளிகளுக்குப் பகல் ஒரு மணி. ஹார்மோன் அளவைப் பத்து தடவை சரிபார்த்தவள் பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

“நோய் இல்லக்கா, வெறும் கடிகாரம்” என்றாள்.

டாக்டரிடம் சொன்னேன். ஆய்வுப் பத்திரிகையில் வரட்டும், பார்க்கலாம் என்றார். இயக்குநரோ, “உன் பதவிக் கமிட்டி முடியட்டும்மா. ஒரு மாசத்துல பூமி நின்னுடுமா?” என்றாராம்.

“அந்தம்மா தினமும் மாத்திரை முழுங்கறாங்க சார்” என்று சொல்லிவிட்டு, தங்கை அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினாள். பதவி வேறொருவருக்குப் போனது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதென்ற அறிவிப்பு வர ஐந்து வாரம். அது வந்ததும் மேற்கோள் காட்டிய அத்தனை பேருக்கும் கடிதம் எழுதினாள். வந்த பதில்கள் ஒன்பது. அதில் நான்கு, விடுப்பில் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டர் தானே அனுப்பியவை. ஒருவர் வாழ்த்தியிருந்தார். இன்னொருவர் அந்தக் கட்டுரையின் பிரதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார். இதற்கு நடுவில் புதிதாக மூன்று பேர் மேற்கோள் காட்டிவிட்டார்கள். “எண்ணிக்கை ஏறிட்டுதானே இருக்கு, எதுக்கும்மா கவலை?” என்றாராம் இயக்குநர். தலையில் அடித்துக்கொள்ள எனக்கு இரண்டு கை போதவில்லை.

டீச்சரம்மாவின் டாக்டரும் கடிதத்தைத் திறக்கவில்லை. கட்டுரையையும் அறிவிப்பையும் அச்செடுத்து, அவர் அறையில் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

“வெளியில பேஷண்ட்ஸ் காத்திருக்காங்கம்மா.”

“என் பேஷண்ட்டும் காத்திருக்காங்க. படிங்க.”

படித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு பேனாவை எடுத்து, வாரத்துக்குக் கொஞ்சமாக மாத்திரையைக் குறைத்து எழுதிக்கொடுத்தார். “சட்டுனு நிறுத்திடாதீங்க” என்றார். தெரியும் என்றேன்.

தங்கையிடம் சொன்னபோது நம்பவில்லை. “முழுசாப் படிச்சாரா?”

“எதிர்லயே உட்கார்ந்திருந்தேன்ல.”

பதில் போடாத மீதிப் பேருடைய விலாசப் பட்டியலை என் பக்கம் தள்ளினாள்.