ஆளுக்கு ஒரு டக்

போன வாரம் பேஸ்புக்கில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். கேபிள் டிவி வந்த புதிதில் தமிழ்நாட்டுப் பெண்களையெல்லாம் கட்டிப்போட்ட ஒரு சீரியலின் ரசிகர் குழு அது. அங்கே கதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாயகியாக நடித்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்கவும் ஆளில்லை. எல்லாப் பேச்சும் அவள் கையில் இருந்த காப்பிக் கலர் கைப்பையைப் பற்றித்தான். அது தோலா ரெக்சினா, எந்தக் கடையில் வாங்கியது, இப்போது யாரிடம் இருக்கிறது என்று தினமும் அடிதடி நடக்கிறது. ஒரு அம்மா அதே மாதிரி ஒன்றைத் தைத்து வாங்கி, மகள் கல்யாணத்தில் கையில் வைத்துக்கொண்டு நின்ற படத்தைப் போட்டிருந்தார். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பை ஒரு ஆடித் தபசுத் திருவிழா முழுக்கச் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு பீரோ மேல் இருந்தது என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நானே இப்போது முழுசாக நம்புவதில்லை.

சீரியல் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாயகி புகுந்த வீட்டில் படாத பாடு பட்டு, வெளியே வந்து, வேலைக்குப் போகிறவள். யாராவது அவளை மட்டம் தட்டிப் பேசினால் பதில் பேச மாட்டாள். இரண்டு புடவையை மடித்து வைக்கிற அளவுக்குப் பெரிதான அந்தப் பையைத் திறப்பாள். உள்ளே எதையோ பார்ப்பாள். பிறகு மூடுவாள். பையின் வாயில் இருக்கும் இரண்டு பித்தளைக் குமிழ்கள் ஒன்றையொன்று தாண்டி உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எதிரில் நிற்பவன் முகம் சுண்டிவிடும். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள். உள்ளே என்ன இருந்தது என்று கடைசிவரை காட்டவே இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்த அரை மணி நேரம் மட்டும் தெருவில் ஒரு தறியும் ஓடாது. தறிச் சத்தத்தில் 'டக்' கேட்காமல் போய்விடக் கூடாதல்லவா!

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கையான சித்தியும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவளை வளர்த்தாள். சித்தி திருநெல்வேலியில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்தது. தபசுக்கு மறுநாள் காலையில் போய்ச் சேர வேண்டும், தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அதில் அடித்திருந்தது. அப்பா இரண்டு தரம் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"கல்யாணத்த முடிச்சிக்கிட்டு எங்கன வேணும்னாலும் போ. கொமரப் பிள்ளய ஹாஸ்டல்ல விட்டுட்டு ஊருக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

தபசன்று மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், சாமி பார்க்க வரும் சாக்கில் பெண்ணையும் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அம்மா அப்பாவுக்கு ஒரு படி மேலே போனாள். சித்தியை நிற்க விடாமல் உட்கார விடாமல் தெரு கேட்கக் கரித்துக்கொட்டினாள். சித்தி மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முந்தின நாள் மாமா வந்து இறங்கினாரா, வருத்தம் போன இடம் தெரியவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, சித்திக்கு அண்ணன். சென்னையில், படப்பிடிப்புக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கிடங்கில் வேலை. ராஜா நாற்காலி, மண்டை ஓடு, ஓடாத கடிகாரம் எல்லாம் அவர் கையில்தான் இருக்கும் என்பார். வந்தவர் துண்டில் சுற்றியிருந்த எதையோ மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். துண்டை உருவினார். காப்பிக் கலர். இரண்டு பித்தளைக் குமிழ். நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

"ஷூட்டிங் முடிஞ்சி எங்க கிடங்குக்குத்தான் வந்துச்சு. தபசு முடியுத வரைக்கும் இங்கன இருக்கட்டும். பத்திரம் மக்கா, போச்சுன்னா எனக்கு வேலை போயிரும்" என்றார் மாமா.

அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வந்தாள். அந்த சீரியலில் ஒரு வாரம்கூட விட்டதில்லை என்று பேர் வாங்கியவள். பையைக் கையில் வாங்கி, புரட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள்.

"மாமனார் மேல விட்டெறிஞ்ச அன்னைக்கு வலது குமிழ்ல ஒரு கீறல் விழுந்துச்சுல்லா? அதுக்கப்புறம் எல்லா வாரமும் அந்தக் கீறல் தெரியும். அது எங்க தம்பி?"

கூட்டம் மொத்தமும் மாமா பக்கம் திரும்பியது. மாமா ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான், மூன்று நாளாக எழுந்திருக்காத சித்தி எழுந்து வந்தாள்.

"பித்தளை கறுத்துப் போயிருக்குல்லா மதினி, அதான் தெரியல. தொடச்சிட்டு வாரேன்" என்று பையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குமிழைக் காட்டினாள். பளபளவென்று ஒரு கீறல்!

அத்தை பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பெண்கள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உள்ளறை ஜன்னலில் ஒரு ஊக்கு வாய் பிளந்து கிடந்தது. யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று அதை மாட்டி டப்பாவில் போட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து நான்தான் பைக்குப் பொறுப்பு. கை கழுவிவிட்டு வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், ஆளுக்கு ஒரு டக். இரண்டாவது டக் கேட்டவர்களைத் தயவு தாட்சண்யமில்லாமல் வெளியேற்றினேன். திருவிழாவுக்குத் திருவேங்கடத்திலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள், சாமி பார்த்த கையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மாமியாரோடு வந்த ஒரு மருமகள், மாமியாரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே டக் என்று மூடினாள். அடுத்தது மாமியார் வாங்கி, அதைவிடச் சத்தமாக மூடினாள். எந்நேரமும் தறியில் நிற்கும் அக்கா ஒருத்தி மூடிய கையோடு ஓவென்று அழுதாள். நான் அவளுக்கு மட்டும் இன்னொரு டக் கொடுத்தேன்.

என் வகுப்பில் ஒருத்தி மட்டும் நம்பவில்லை. கொண்டு வந்து காட்டு பார்ப்போம் என்றாள். டீச்சரே தபசுக்கு மறுநாள் கொண்டு வரச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் முழுக்க அந்த நாளுக்காகக் காத்திருந்தது. பையை எந்தக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவது என்றுகூட நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

இதற்கிடையில் அம்மா அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னாள். எங்கள் ஊரில் தபசுக்குக் கொடியேறியதும் கோமதியம்மன் கோயில் பிரகாரத்தை நூற்றெட்டுத் தரம் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். "இவளையும் சுத்தச் சொல்லுதேன். மனசு மாறும், நல்ல மாப்பிள்ளையும் அமையும்" என்றாள் அம்மா. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. தினம் காலையில் ஒன்பது சுற்று, பன்னிரண்டு நாளில் நூற்றெட்டு. கோயிலில் சுற்றுகிற பெண்கள் எல்லாரும் பையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சித்தி அதையும் எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையைப் பைக்குள் போட்டு, டக். பிரகாரமே திரும்பிப் பார்க்கும். சித்தியின் முகத்தில் அத்தனை நாளும் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது. சுற்றுகிறவர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எண்ணிக்கை கலைந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்று அம்மா வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

தபசன்று காலை, கடைசி ஒன்பது சுற்று. சித்தி குளித்துப் புதுப் புடவை கட்டியிருந்தாள். வாசலில் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தூக்க முடியவில்லை.

"என்ன சித்தி, இப்பிடிக் கனக்கு?"

"நூறு புளியங்கொட்டை சேந்துட்டுல்லா மக்கா" என்றாள் சித்தி. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அம்மா அடுப்படியிலிருந்து ஒரு இலைப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். பொடி தடவிய இட்லி, எண்ணிப் பார்த்தால் பத்து. பத்து நிமிட தூரத்தில் இருக்கிற கோயிலுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "சுத்துனா பசிக்கும்ட்டி. நீ கூடப் போகாண்டாம், கூட்டத்துல மிதிபடுவ" என்று அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாளைக்குப் பையைத் துடைத்து வைக்க வேண்டும். அம்மா அசந்த நேரம் கோயிலுக்கு ஓடினேன். கூட்டத்துக்குள் புகுந்து பிரகாரத்தை மூன்று தரம் சுற்றினேன். ஒருத்தர் கையிலும் பை இல்லை. திரும்பி ஓடி வந்தேன். வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பையக் காணோம்!" என்று கத்தினேன்.

அப்பா எழுந்தார். "சித்தி எங்கட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "அவ சுத்துல இருக்கா. கூப்பிட்டா கணக்கு கலைஞ்சிரும். மொதல்ல பையத் தேடுங்க! தம்பிக்கு வேலை போயிரும். சேப்புச் சட்டக்காரன் ஒருத்தன் அதக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வடக்க போனதப் பாத்தேன்."

சித்தி போனதிலிருந்து அம்மா அடுப்படியை விட்டு நகரவே இல்லை. பஸ் ஸ்டாண்டு இருப்பது அவள் கை காட்டிய பக்கத்துக்கு நேர் எதிரே. ஆனால் எனக்கு அப்போது சிவப்புச் சட்டை மட்டும்தான் மண்டையில் ஏறியது.

"எந்தப் பை? அந்த டக் பையா? நெசமாவா?" என்று மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். அவரும் விடாமல் பார்த்தவராம். அவருடைய அம்மா காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். அப்பா, மாமா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, எதிர்வீட்டு அத்தை எல்லாரும் ரத வீதிக் கூட்டத்துக்குள் பாய்ந்தோம். தொலைந்த பிள்ளைகளை அறிவிக்கும் மைக்கில் மாமாவே போய்ச் சொன்னார். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. டிவியில் வந்த காப்பிக் கலர் கைப்பை..." முடிக்கக்கூட இல்லை, கூட்டம் ஹோவென்றது. வளையல் கடைக்காரர் பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். ராட்டினத்தை நிறுத்தி ஆளிறக்கித் தேடினார்கள். சிவப்புச் சட்டை போட்டு வந்த ஒரு பாவத்தையும் விடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பகல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அழுதுகொண்டே ஓடினேன், ஓடிக்கொண்டே சந்தோஷமாகவும் இருந்தேன். ஊரே எங்கள் பையைத் தேடியது. சித்தி எங்கே என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம், தபசிருக்கும் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுக்கும் நேரம், கூட்டம் நெரித்தது. சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்மன் சப்பரத்தின் மேல் வாரி இறைத்துச் சூறைவிட்டார்கள். அப்பா அந்தக் கூட்டத்திலும் பையைத் தேடிக்கொண்டிருந்தார். கால் வலித்து நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அம்மா எதிர்வீட்டில் போன் பேசிவிட்டு அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பை கெடைச்சிட்டாம்மா?"

"கெடைச்சிட்டு மக்கா. கோயம்புத்தூருக்குப் பத்திரமாப் போய்ச் சேந்துட்டு."

"அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிக் கொண்டு போறது?"

அம்மா படியிலேயே உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பன்னிரண்டு நாளும் ஒரு டக்குகூடக் கேட்காதவளுக்கு அந்தப் பை மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. என் பாவாடையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"அழாதம்மா," என்றேன். "மாமாட்ட சொல்லி உனக்கு வேற பை வாங்கித் தாரேன்."